வாழைநாரைக் காஸ்டிக்கில் பதப்படுத்துவது எப்படி

மார்த்தாண்டம் பக்கம் ஏத்தன் (நேந்திரன்) வாழைக்குலை வெட்டியதும் தண்டைத் தோட்டத்தோரம் தள்ளிவிடுவார்கள். அதிலிருந்து எடுக்கும் நாரை, கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் பாறசாலையில் பாலியெஸ்டர் ரெசின் என்ற பிசினை ஊற்றிப் பலகை செய்பவர்களுக்குக் கொடுக்கிறேன். பதப்படுத்தாத நாரில் ரெசின் பிடிக்காது. பலகையை வளைத்தால் நார் உருவிக்கொண்டு வந்துவிடும். நார்மேல் இருக்கும் மெழுகும், நாருக்கு வலு தரும் செல்லுலோஸைச் சுற்றி ஒட்டியிருக்கும் லிக்னின், ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள்களும்தான் காரணம். காஸ்டிக் சோடா இவற்றில் பெரும்பகுதியைக் கரைத்து, நாரைச் சொரசொரப்பாக்கிவிடும்.

ஒரு கிலோ உலர்ந்த நாருக்கு 20 லிட்டர் தண்ணீர், ஒரு கிலோ காஸ்டிக் செதில். ஏறக்குறைய 5 சதவீதம் வரும். பருத்தியைக் காஸ்டிக்கில் பதப்படுத்த ஜான் மெர்சர் 1844-இல் கண்டுபிடித்த முறைக்கு (மெர்சரைசிங்) இதைவிடப் பலமடங்கு கடுமையான கரைசல் வேண்டும். அதில் செல்லுலோஸின் படிக அமைப்பே மாறிவிடும். நமக்கு அது தேவையில்லை.

பிளாஸ்டிக் டிரம் போதும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, காஸ்டிக் அதை அரித்து ஹைட்ரஜன் கிளம்பும். முதலில் தண்ணீர், அப்புறம்தான் செதில், கொஞ்சம் கொஞ்சமாக. சூடேறும், தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் இல்லாமல் டிரம் பக்கம் யாரையும் விடாதீர்கள். கரைசல் ஆறியபின் நாரை அமுக்கி இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள். தண்ணீர் கட்டன் சாயா நிறத்துக்கு மாறும்.

இனி அலசுவதுதான் உண்மையான வேலை. அவசரப்படுகிறவர்கள் இங்கேதான் நாரைக் கெடுக்கிறார்கள். கட்டோடு அலசாதீர்கள், முடிச்சுக்கு அடியில் காஸ்டிக் தங்கிவிடும். கட்டை அவிழ்த்து, பிரித்து, நாலைந்து தண்ணீர் மாற்றுங்கள். மிச்சமிருக்கும் காஸ்டிக்கை நடுநிலையாக்க, கடைசித் தண்ணீரில் ரப்பர் பால் உறைய ஊற்றும் பார்மிக் ஆசிட்டை மிக நீர்த்த அளவில் சேர்க்கலாம். நம் ஊரில் எந்த ரப்பர் கடையிலும் கிடைக்கும். பிறகு ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசி, கட்டின் நடுவில் இருந்த நாரைப் பிழிந்து அந்தத் தண்ணீரைச் சிவப்பு லிட்மஸ் தாளில் வையுங்கள். நீலமானால் இன்னும் அலச வேண்டும்.

நிழலில் காயவைத்து எடை பாருங்கள். கரைந்தது போக எடை குறைந்திருக்கும். விலை பேசும்போது அதையும் கணக்கில் எடுங்கள். ஈரம் இருந்தால் ரெசினுக்குள் குமிழி விழும், அதனால் நன்றாகக் காய்ந்தபின்தான் மூட்டை கட்ட வேண்டும். பழுப்புத் தண்ணீரை ஆசிட் விட்டு நடுநிலையாக்கி, கசடு படியவிடுங்கள். தயவுசெய்து அப்படியே குளத்திலோ ஓடையிலோ விடாதீர்கள். குழித்துறை ஆற்றில்தான் போய்ச் சேரும்.