சிமுலேசனில் எழுமாற்று எண்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினியில் ஒரு நிகழ்வைப் போலச்செய்து பார்ப்பதே சிமுலேசன். அதற்கு வேண்டிய எழுமாற்று எண்கள் என்றாலே, அவற்றை உருவாக்கும் புரோகிராமைப் பற்றி "எந்த ஜெனரேற்றர் நல்லது?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது தேவையான கேள்விதான். ஆனால் பெரும்பாலான பிழைகள் அந்த எண்ணைக் கையாளும் விதத்தில்தான் வருகின்றன.

யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் நீர்மட்டத்தையே எடுத்துக்கொள்வோம். இங்கே நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்குகிறது. அதை நிரப்புவது பெரும்பாலும் ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரையான மாரி மழை. இதைக் கணினியில் மாதிரி செய்யும் மாணவர் ஒவ்வொரு நாளுக்கும் 0 க்கும் 1 க்கும் இடையில் ஓர் எண் எடுத்து, அது 0.2 ஐவிடச் சிறிதென்றால் மழை என்று எழுதிவிடுவார். ஆண்டுச் சராசரி அழகாகப் பொருந்தும். ஆனால் இந்தக் கணக்கில் தொடர்ந்து 30 நாள் மழையில்லாமல் போக நிகழ்தகவு 0.8 இன் 30 ஆம் அடுக்கு, அதாவது ஏறக்குறைய 800 இல் ஒன்று. கோடையில் ஒரு மாதம் மழை இல்லாமல் போவது இங்கே யாருக்கும் புதினமில்லையே! கிணறு வற்றுமா என்று பார்க்கத்தான் மாதிரி செய்கிறோம். வரட்சியே வராத மாதிரியால் என்ன பயன்? மாதத்துக்கு மாதம் நிகழ்தகவை மாற்றுங்கள். நேற்று மழை பெய்ததா என்று பார்த்து இன்றைய நிகழ்தகவைத் தீர்மானியுங்கள். தொடக்கத்துக்கு இப்படி மழை, மழையின்மை என்ற இரண்டு நிலைகள் மட்டும் கொண்ட மார்க்கோவ் சங்கிலி போதும்.

அடுத்தது, பெரிய எண்ணைச் சிறிய வீச்சுக்குள் கொண்டுவர மீதி எடுக்கும் பழக்கம். சி கணினிமொழியின் சில கொம்பைலர்களில், எழுமாற்று எண் தரும் ரான்ட் என்ற செயலி 0 முதல் 32767 வரைதான் தரும். அதை 10000 ஆல் வகுத்து மீதியை எடுத்தால், 0 முதல் 2767 வரையான எண்கள் நாலு வழியில் வரும், மற்றவை மூன்று வழியில்தான் வரும். மூன்றிலொரு பங்கு கூடுதல் வாய்ப்பு! வீச்சைக் கொடுத்தால் முழு எண் தரும் நூலகச் செயலி இருக்கும்போது இது தேவையே இல்லை.

சரி, சீட். ஜெனரேற்றர் தன் எண்வரிசையைத் தொடங்க நாம் கொடுக்கும் எண் அது. ஒரே சீட் என்றால் ஒரே வரிசைதான் வரும். நேரத்தைச் செக்கனில் எடுத்து சீட்டாகக் கொடுத்துப் பல ஓட்டங்களை ஒன்றாகத் தொடங்கினால், எல்லாம் ஒரே எண்வரிசையில் ஓடும். பத்து ஓட்டம் என்று நினைத்தது உண்மையில் ஒன்றுதான். பைதன் மொழியின் நம்பை நூலகத்தில், தனித்தனி வரிசைகளைப் பிரித்துத் தர சீட்சீக்குவன்ஸ் என்ற வசதி இருக்கிறது. பாவித்த சீட்டை எப்போதும் குறித்து வையுங்கள். பிடித்த விடை வரும்வரை சீட்டை மாற்றிக்கொண்டிருப்பதோ தவறிலும் பெரிய தவறு. அது முடிவைத் திரிப்பது.

இனி ஜெனரேற்றர். 1960களில் ஐபிஎம் கணினிகளில் பரவியிருந்த ரான்டு என்ற ஜெனரேற்றரின் எண்களை மும்மூன்றாக எடுத்து ஒரு சதுரமுகிக்குள் புள்ளியிட்டால், எல்லாம் வெறும் 15 தளங்களில் வந்து விழும். 1992 இல் ஃபெரன்பெர்க், லன்டோ, வொங் என்ற ஆய்வாளர்கள் மூவரும், நல்லதென்று நம்பப்பட்ட ஒரு ஜெனரேற்றரே காந்தத்தன்மையை விளக்கும் ஐசிங் மாதிரியில் பிழையான விடை தருவதைக் காட்டினார்கள். அந்த மாதிரிக்குச் சரியான விடை முன்பே தெரியும் என்பதால்தான் அது பிடிபட்டது. ஆகவே உங்கள் புரோகிராமையும் விடை தெரிந்த ஒரு கணக்கில் முதலில் ஓட்டிப் பாருங்கள். பிறகு வேறொரு ஜெனரேற்றரிலும் ஓட்டி ஒப்பிடுங்கள்.

ஒரேயோர் ஓட்டத்தின் விடையை முடிவென்று எழுதவேண்டாம். சராசரியோடு, அது எவ்வளவு பிசகக்கூடும் என்று காட்டும் நியம வழுவையும் கொடுங்கள். வழுவை அரைவாசியாக்க நாலு மடங்கு ஓட்டங்கள் வேண்டும், பத்திலொன்றாக்க 100 மடங்கு வேண்டும்.