பிறந்துகொண்டிருக்கும் கோள்களைப் படத்தில் கண்டுபிடிப்பது எப்படி?

தொலைநோக்கி வேண்டாம். ஒரு படமும் ஸ்கேலும் போதும். 'எச்.எல். டாரி' என்ற விண்மீனை அல்மா தொலைநோக்கி எடுத்த, 2014-இல் வெளியான படத்தை இணையத்தில் தேடி எடுங்கள். அல்மா இருப்பது சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில். வானில் இந்த விண்மீன் ரோகிணிக்கு 2 டிகிரி தள்ளி இருக்கிறது. தூரம் சுமார் 450 ஒளியாண்டு. வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

படி 1: நிறத்தை நம்பாதீர்கள்
ஆரஞ்சு நிறம் கணினியில் பூசியது. அல்மா பதிவு செய்தது, விண்மீனைச் சுற்றும் தூசித்தட்டு வெளியிடும் மில்லிமீட்டர் அலைகளை.

படி 2: அளந்து பாருங்கள்
தட்டின் குறுக்களவை நெட்டளவால் வகுங்கள். ஏறக்குறைய 0.68 வரும். அது 47 டிகிரியின் கொசைன். அதாவது வட்டமான தட்டு நமக்கு நேர்முகமாக இல்லாமல் 47 டிகிரி சாய்ந்திருக்கிறது. பள்ளிக்கூடத்து முக்கோணவியல் இவ்வளவு தூரம் எட்டுவது எனக்கு இன்றும் பெரிய சந்தோஷம்!

படி 3: வளையங்களில் நில்லுங்கள்
தட்டில் பிரகாசமான வளையங்களும் அவற்றுக்கிடையே இருண்ட இடைவெளிகளும் தெரியும். முக்கியமான இடம் இதுதான். தூசி ஒட்டி ஒட்டிக் கூழாங்கல் ஆகும்வரை சிக்கல் இல்லை. அதன் பிறகுதான் ஆபத்து. தட்டில் தூசியோடு இருக்கும் வாயுவை அதன் அழுத்தமும் தாங்குவதால் அது சற்று மெதுவாகச் சுற்றுகிறது. கல்லுக்கு அந்தத் தாங்கல் கிடையாது, வேகமாகச் சுற்றுகிறது. எதிர்க்காற்றில் சைக்கிள் மிதிப்பவரைப்போல அது வேகத்தை இழந்து உள்நோக்கிச் சரிகிறது. பூமி இருக்கும் தூரத்தில் ஒரு மீட்டர் பாறை சில நூறு ஆண்டுகளுக்குள் விண்மீனில் போய் விழுந்துவிடும். அப்படியானால் கோள் எப்படி உருவாகும்? வாயு அழுத்தம் கூடிய வளையங்களில் கற்கள் சரியாமல் தேங்குகின்றன. அங்கே நெருக்கமாகச் சேர்ந்து, தம் ஈர்ப்பாலேயே இறுகி, பல கிலோமீட்டர் அகலப் பாறைகளாகின்றன. அவை மோதிச் சேர்ந்து வளர்ந்த கோள், தன் பாதையில் இருண்ட இடைவெளியை வெட்டுகிறது. எச்.எல். டாரியின் வயது 10 லட்சம் ஆண்டுக்கு மேல் இராது. அதற்குள் இத்தனை இடைவெளிகள்.

படி 4: இடைவெளிக்குள் கோளைத் தேடுங்கள்
இடைவெளி மட்டும் சாட்சி ஆகாது, வேறு காரணங்களாலும் அது உண்டாகலாம். அதனால் 'பி.டி.எஸ். 70' என்ற இன்னோர் இளம் விண்மீனின் படத்துக்கு வாருங்கள். தூரம் சுமார் 370 ஒளியாண்டு. இதன் இடைவெளியில் 2018-இல் ஒரு கோளும், 2019-இல் இன்னொன்றும் நேரடியாகவே சிக்கின. இரண்டும் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் மின்னுகின்றன. அதாவது, வாயு இன்னும் அவற்றின்மேல் விழுந்துகொண்டிருக்கிறது.

2021-இல் வெளியான அல்மா படத்தைப் பெரிதாக்கி, பெரிய வளையத்தின் உள்விளிம்பை ஒட்டி வலப்பக்கம் பாருங்கள். அங்கே தெரியும் சின்னப் புள்ளி, இரண்டாவது கோளைச் சுற்றியுள்ள தூசித்தட்டு. நிலாக்கள் உருவாகக்கூடிய இடம் அது.