மனோதர்மத்தை அரங்கேற்றத்துக்குப் பிறகு என்று தள்ளிவைக்க வேண்டாம்

ஆசிரியர் ஒருமுறை ஆடிக் காட்டியதும் அதை அப்படியே திருப்பி ஆடிவிடும் குழந்தையைத்தான் பரதநாட்டிய வகுப்பில் நாம் கெட்டிக்காரப் பிள்ளை என்கிறோம். அந்தத் திறமையே அவளுக்குத் தடையாகிவிடுவதும் உண்டு. எளிதில் பிடித்துக்கொள்கிறாள் என்பதால் நடன உருப்படிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போகிறோம். அவளாக ஒன்றைத் தேட வேண்டிய தேவை ஒருநாளும் எழுவதில்லை.

நாம் செய்யும் மிகப் பெரிய தவறு, ஆடுபவர் தம் கற்பனையால் அவ்வப்போதே விரித்து ஆடும் மனோதர்மத்தை அரங்கேற்றம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைப்பதே. நீண்ட உருப்படியான வர்ணத்தில் பாடகர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவது, ஆடுபவர் அந்த வரியின் கருத்தைச் சஞ்சாரிகளாக, அதாவது சிறு சிறு அபிநயக் காட்சிகளாக, விரித்துச் செல்வதற்காகத்தான். அந்த இடத்தையும் கண்ணசைவு வரை தீர்மானித்து நெட்டுருவாக ஏற்றிவிட்டால், பாட்டு திரும்பி வருவதற்குப் பொருளே இல்லாமல் போகிறது. பல ஆண்டுகள் இப்படிப் பழகிய பெண்ணிடம் திடீரென்று "இனி நீயே செய்" என்றால் அவள் திகைப்பது இயல்பு. தோழியிடம் "அவரை அழைத்து வா" என்று சொல்லும் ஒரு வரியைக் கொடுத்து, கெஞ்சிச் சொல், கோபித்துச் சொல், வெட்கத்தை மறைத்துச் சொல் என்று பத்து வயதிலேயே கேட்கத் தொடங்கலாம். ஆனால் அந்த வயதுக்கு எட்டாத விரக தாபத்தை அவள்மீது சுமத்துவதும் தவறுதான். குழந்தைக் கண்ணனின் குறும்பும் யசோதையின் பொய்க்கோபமும் அவள் தன் வீட்டிலேயே கண்டறிந்தவை.

ஏழு வயதில் அரங்கேறிய பரதநாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. கந்தப்பப் பிள்ளையிடம் அவர் பெற்ற பயிற்சி கடுமையானது. ஆயினும் பாட்டி வீணை தனம்மாள், தாய் ஜெயம்மாள் என்று வீடே சங்கீதமாக இருந்த சூழலில் அவர் வளர்ந்தார். தாமே பாடிக்கொண்டு அபிநயிக்கும்போது அவரிடம் புதிது புதிதாக உணர்ச்சி வெளிப்பாடுகள் பிறந்ததற்கு அந்த இசைஞானம் ஒரு முக்கியக் காரணம் என்றே நான் கருதுகிறேன். ஆகவே சாகித்தியத்தின், அதாவது பாடல் வரிகளின், பதப்பொருளைக் கூடச் சொல்லாமல், பதிவுசெய்த பாட்டுக்கு மட்டுமே ஆடப் பழக்குவது மாணவியின் கற்பனைக்குரிய ஊற்றையே அடைத்துவிடுகிறது.

கற்பனை அபிநயத்துக்கு மட்டும் உரியது என்று எண்ணுவது அடுத்த தவறு. ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில், அதாவது எட்டு அட்சரங்கள் கொண்ட ஒரு சுற்றில், ஒவ்வோர் அட்சரமும் நான்காகப் பிரியும் சதுசிர நடையில், 32 மாத்திரைகள் உள்ளன. அவற்றை 5, 5, 5, 5, 3, 3, 3, 3 என்று பிரித்துக் கொடுத்து, தான் அறிந்த அடவுகளிலிருந்தே (அடிப்படை ஆட்ட அசைவுகளிலிருந்தே) ஒரு சிறு கோர்வை அமைத்து வருமாறு மாணவியிடம் சொல்லிப் பாருங்கள். எந்த அடவு எதிலிருந்து இயல்பாகப் பிறக்கிறது, எங்கே உடல் தடுமாறுகிறது என்பதை அவளே கண்டுகொள்வாள்.

இதற்கு நேர்மாறான அவசரமும் இருக்கிறது: முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்து நிற்கும் அரைமண்டி நிலைக்கும் முன்பே, தட்டடவும் நாட்டடவும் மூன்று காலத்திலும் (வேகத்திலும்) சுத்தமாக வருவதற்கு முன்பே, "சொந்தப் படைப்பு" என்று மேடையேற்றிவிடுவது. சொற்கள் போதாத குழந்தையிடம் கவிதை கேட்பதைப் போன்றது அது. போட்டிப் பரிசுக்காகக் காணொளியைப் பார்த்துப் பிறர் முகபாவத்தை நகலெடுக்க விடுவதையும் இதனுடன் சேர்த்தே தவிர்க்க வேண்டும்.

மாணவி தானாகச் செய்யும் முதல் சஞ்சாரி பெரும்பாலும் நன்றாக இருக்காது. முத்திரை குழம்பும், தாளம் நழுவும். அந்தக் கணத்தில் பொறுக்க மாட்டாமல் ஆசிரியர் எழுந்து ஆடிக் காட்டிவிட்டால், அடுத்த முறை அவள் தேடமாட்டாள், நம் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பாள். தாளம் தட்டும் தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டு, அந்த வரியை அவளுக்காக இன்னொரு முறை பாடுங்கள்.