பிய்ந்த பாஸ் புழுவில் கிராப்பி

பாஸ் மீனைத் தூண்டிலில் பிடிக்க வாங்கிய 4 அங்குல ரப்பர் புழு தலைப்பக்கம் பிய்ந்துவிட்டால் தூக்கிப் போடாதீர்கள், வால்பக்கம் ஒன்றரை அங்குலம் கத்தரித்து 6ஆம் நம்பர் தூண்டில் முள்ளில் நுனியை மட்டும் கோர்த்து, ஈயக்குண்டு முள்ளுக்கு ஓரடி கீழே தொங்குகிற மாதிரி கட்டினால் (இந்தக் கட்டுக்கு டிராப் ஷாட் என்று பெயர்) வட அமெரிக்க நன்னீர் மீனான கிராப்பிக்கு அதுவே போதும். கிராப்பி பெரும்பாலும் தனக்கு மேலே இருக்கும் இரையைத்தான் பார்த்து எடுக்கும். இந்தக் கட்டில் குண்டு தரையில் கிடக்க, புழு தரையருகே இருக்கும் கிராப்பியின் கண்ணுக்கு மேலேயே நின்று லேசாக ஆடும். தூண்டில் நரம்பு மட்டும் 4 அல்லது 6 பவுண்டு தாங்கும் மெல்லிசுக்கு இறங்கிவிடுங்கள். அப்புறம், பாஸுக்கு இழுப்பது போல வெடுக்கென்று இழுத்தால் காகிதம் மாதிரி இருக்கும் கிராப்பியின் வாய் கிழிந்துவிடும், கம்பை மெல்லத் தூக்கினாலே போதும். மூழ்கிய மரக்கிளைகள் நெருக்கமாக உள்ள இடத்தில் இது சரிப்படாது, குண்டு சிக்கிக்கொண்டே இருக்கும். அங்கே தக்கைக்குக் கீழே சின்ன ஜிக்தான் (தலையில் ஈயம் வார்த்த முள்).