20 லிட்டர் பீருக்கு ஒரு செம்புச் சுருள்

கொதித்து முடிந்த வோர்ட்டை, அதாவது மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய தானியம்) ஹாப்ஸும் (கசப்பு தரும் பூ) சேர்ந்த சாற்றை, 20 டிகிரி செல்சியஸுக்கு விரைவாக இறக்க வேண்டும். சூடான சாற்றில் ஈஸ்ட் செத்துவிடும். வெதுவெதுப்பாகவே கிடந்தால் கிருமி முந்திக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்கள் புளிக்கவைக்கும் வாளிக்குச் செலவழித்துவிட்டு இப்படிக் குளிரவைப்பதை மறந்துவிடுகிறார்கள். அதற்குத்தான் செம்புச் சுருள்: அதைச் சூடான சாற்றில் முக்கி, உள்ளே குளிர்ந்த தண்ணீரை ஓடவிட வேண்டும்.

வெளிவிட்டம் 3/8 அங்குலமுள்ள மென்செம்புக் குழாய் 25 அடி போதும். கொதிகலனைவிடக் குறுகிய பாத்திரத்தின் மேல் மெதுவாகச் சுற்றுங்கள். கையால் வெடுக்கென்று வளைத்தால் குழாய் மடிந்து நசுங்கும், பிறகு தண்ணீர் ஓடாது. வளைக்கும் இடங்களில் வளைப்பு ஸ்பிரிங் (நசுங்காமல் இருக்கக் குழாயில் மாட்டும் கம்பிச்சுருள்) போட்டுக்கொள்வது நல்லது. இரு முனைகளையும் பாத்திர விளிம்புக்கு வெளியே கொண்டுவந்து, ஹோஸைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். இணைப்பு எதுவும் சாற்றுக்கு மேலே இருக்கக் கூடாது. கசிந்தால் குழாய்த் தண்ணீர் நேராக பீரில்தான் விழும்.

புதுச் சுருளை வினிகரில் கழுவி அலசுங்கள். கொதி முடியப் 15 நிமிடம் இருக்கும்போது உள்ளே இறக்கினால் அதுவே கிருமிநீக்கம். அடுப்பை அணைத்தபின் தண்ணீரைத் திறந்து, சுருளை இடைவிடாமல் அசையுங்கள். அசைக்காவிட்டால் செம்பை ஒட்டிய சாறு மட்டும் குளிரும். முதலில் வெளிவரும் தண்ணீர் கையைச் சுட்டுவிடும்; வாளியில் பிடித்துப் பாத்திரம் கழுவலாம்.

குழாய்த் தண்ணீரே 28 டிகிரி என்றால் சாறு அதற்குக் கீழே இறங்காது. 40 டிகிரி வந்ததும், சிறு பம்பு வைத்து ஐஸ் தண்ணீரைச் சுருளில் சுற்றவிடுங்கள்.