கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு மனு எழுதுவது எப்படி? உரிமை, சூழல், வளர்ச்சி மூன்றையும் எடை போட ஒரு கையேடு

நாளிதழின் ஓரத்தில் அறிவிப்பு வரும்: இன்ன இடத்தில் மின் நிலையம் அல்லது துறைமுக விரிவாக்கம், இன்ன தேதியில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். 2006 செப்டம்பர் 14-ம் தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, மக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். எண்ணூர், மணலி, காட்டுப்பள்ளி பக்கம் இருப்பவர்களுக்கு இந்த அறிவிப்பு புதிதல்ல. கூட்டத்தில் மைக் பிடித்துப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பதில் சொல்லியே தீர வேண்டிய மனுவைக் கொடுப்பவர்கள்தான் குறைவு.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியோ, கூட்டத்தை நடத்தும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ திட்டத்துக்கு அனுமதி தருவதில்லை. அவர்கள் கருத்தைப் பதிவு செய்து அனுப்புகிறார்கள். அதைப் படித்துப் பரிந்துரைப்பது டெல்லியிலோ மாநில அளவிலோ உள்ள மதிப்பீட்டுக் குழு. அந்தக் குழுவில் இருப்பவர்கள் கொசஸ்தலையாற்றை நேரில் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் மனு அவர்களுக்கானது.

வேலையும் வேண்டும், ஆறும் வேண்டும், எங்கள் ஊரில் நாங்கள் இருக்கவும் வேண்டும் என்று பொதுவாக எழுதினால், குழுவால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. எந்தச் சுமை, யார் தலையில், எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று எழுதுங்கள். அப்போதுதான் எடை போட அவர்கள் கையில் ஏதாவது இருக்கும்.

முதல் வாரம்: காகிதங்கள்

திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகம், மாநகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் மண்டல அலுவலகம் ஆகிய இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் வேண்டும். சுருக்கத்தோடு நின்றுவிடாதீர்கள், சங்கடமான எண்கள் எல்லாம் முழு அறிக்கையின் பின்னிணைப்பில்தான் இருக்கும். பார்வைக்கு வைக்கவில்லை என்றால், அன்றைக்கே தேதியிட்டு எழுத்தில் புகார் கொடுத்து முத்திரை வாங்குங்கள். பின்னால் மேல்முறையீடு என்று வந்தால் அந்தத் தாள் தேவைப்படும்.

அறிக்கையில் உள்ள சர்வே எண்களை எடுத்து, தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டைப் பாருங்கள். நிறுவனத்தின் அறிக்கையில் 'தரிசு' என்று இருக்கும் நிலம், பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்காகவோ கழுவெளியாகவோ (சதுப்பு நிலம்) இருக்கலாம். இருந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனுவோடு இணையுங்கள்.

பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள், கட்டடத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. அவை மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்துக்குத்தான் போகும். அங்கே எழுத்துமூலமாகத்தான் முறையிட வேண்டும்.

யாருடைய உரிமை குறைகிறது?

இந்தப் பகுதியை அவசரப்படாமல் எழுதுங்கள். அரசு ஓர் உரிமையைக் கட்டுப்படுத்தினால் நீதிமன்றங்கள் நான்கு கேள்வி கேட்கும்: நோக்கம் நியாயமானதா? எடுத்த நடவடிக்கை அந்த நோக்கத்தை நிறைவேற்றுமா? இதைவிடக் குறைவாக உரிமையைத் தொடும் வழி இருக்கிறதா? கிடைக்கும் பயனுக்கும் இழப்புக்கும் பொருத்தம் இருக்கிறதா? உங்கள் மனுவும் இதே வரிசையில் போகட்டும். ஆலையை எதிர்க்கிறவர்களுக்கு மட்டுமல்ல, சூழல் தடையால் வீடு கட்ட முடியாதவர்களுக்கும் இதுவே அளவுகோல்.

பள்ளிக்கரணையை எடுத்துக்கொள்ளுங்கள். 1,247 ஹெக்டேர் சதுப்பு நிலம். 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அறிவியல் ஆய்வு முடியும் வரை அதற்குள்ளும் சுற்றி 1 கி.மீ. வரையிலும் கட்டட அனுமதி தரக் கூடாது என்று சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025-ல் உத்தரவிட்டது. நோக்கம் நியாயமானது, தென்சென்னையின் வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் இடம் அது. ஆனால் இப்படி வட்டம் போடும்போது, பல மாடிக் குடியிருப்பும் அரை கிரவுண்டில் மாடி எடுக்க நினைக்கும் குடும்பமும் ஒரே தடைக்குள் வந்துவிடுகின்றன. தடையை நீக்கச் சொல்வது இதற்குத் தீர்வாகாது. ஆய்வுக்குக் கெடு வைக்கச் சொல்லுங்கள். தோண்டும் ஆழம், மண் கொட்டி உயர்த்தும் அளவு, நீர் வழியிலிருந்து தூரம் இவற்றை வைத்து வகை பிரிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது கேள்விக்கு உருப்படியான பதில் அதுதான்.

2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது இதற்கு நல்ல முன்மாதிரி. ஒவ்வொரு வீட்டுக்காரர் மீதும் செலவு விழுந்தது. ஆனால் சிறியது, எல்லோருக்கும் பொது, பயனும் அவரவர் கிணற்றிலேயே தெரிந்தது. உங்கள் ஊருக்குச் சொல்லப்படும் கட்டுப்பாட்டில் இந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பதிவேட்டில் இல்லாத உரிமைகளும் உண்டு. பழவேற்காட்டில் பாடு முறையில் குலுக்கல் போட்டு, யார் எந்த இடத்தில் எப்போது வலை கட்டுவது என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்கிறார்கள். பிழைப்பையும் ஏரியையும் சேர்த்துக் காக்கும் ஏற்பாடு அது. பதிவு செய்த படகுகளை மட்டும் எண்ணும் அறிக்கையில் இந்தப் பாடு இடங்கள் வராது. முகத்துவாரத்தில் கையால் இறால் பிடிப்பவர்களும் வரமாட்டார்கள். ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து ஒரு வரைபடம் போட்டு, எந்த மாதத்தில் எந்த இடம் என்று குறித்து இணையுங்கள்.

சூழல்: எந்த மாதத்துத் தரவு?

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது தரவு எடுத்த தேதி. பெரும்பாலும் மழைக்காலத்தை விட்டுவிட்டு மூன்று மாதத் தரவைத்தான் வைத்திருப்பார்கள். சென்னைக்கு மழையின் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மார்ச் முதல் மே வரை அளந்தவருக்கு ஓடை வறண்டிருக்கும், வடிகால் போதுமானதாகத் தெரியும். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. வடிகாலை எத்தனை செ.மீ. மழைக்கு வடிவமைத்திருக்கிறீர்கள், அந்த நேரத்தில் கடல் ஏற்றமாக இருந்தால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று கேளுங்கள். வடகிழக்குப் பருவத் தரவையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது காற்று. அறிக்கையில் காற்று வீசும் திசையைக் காட்டும் படம் இருக்கும். அதைக் காற்று அளந்த இடங்களின் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். புகை போகும் திசையில் இருக்கும் ஊரில் ஒரு அளவீடுகூட இல்லை என்றால் அதுவே வலுவான ஆட்சேபம். பி.எம். 2.5 நுண்துகளுக்குத் தேசிய வரம்பு 24 மணி நேரச் சராசரியில் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். இப்போதே 50 இருந்தால், புதிய ஆலைக்கு மிச்சம் 10 மட்டுமே. பக்கத்து ஆலைகளின் வருங்கால விரிவாக்கமும் அந்த 10-க்குள் அடங்க வேண்டும். ஒட்டுமொத்தச் சுமையைக் கணக்கிடாமல் தன் பங்கை மட்டும் காட்டும் அறிக்கைகள் உண்டு. அதைச் சுட்டிக்காட்டுங்கள்.

வளர்ச்சிக் கணக்கு

'5,000 பேருக்கு வேலை' என்றால் கட்டுமானக் காலத்து ஒப்பந்த வேலை எத்தனை, ஆலை ஓடும்போது நிரந்தர வேலை எத்தனை, அதில் 10 கி.மீ.க்குள் உள்ளவர்களுக்கு எத்தனை என்று பிரிக்கச் சொல்லுங்கள். இழப்பை நீங்களே கணக்கிட்டுக் கொடுங்கள். உதாரணத்துக்கு: 150 குடும்பம், ஆண்டுக்கு 200 தொழில் நாள், நாளுக்கு ரூ.600 என்றால் ஆண்டுக்கு ரூ.1.8 கோடி. உங்கள் ஊரின் உண்மையான எண்களை ஏலக் கூடத்துச் சீட்டு, சங்கப் பதிவேடு ஆகியவற்றிலிருந்து எடுங்கள். ஆதாரம் இல்லாமல் ஏற்றிச் சொன்ன ஒரு எண், சரியாகச் சொன்ன மற்ற எண்களையும் கெடுத்துவிடும்.

நிபந்தனையை நீங்களே எழுதுங்கள்

ஓர் அனல் மின் நிலையத்தின் அறிக்கையில் வரும் 'சாம்பல் கசிவைத் தடுக்கத் தகுந்த நடவடிக்கை எடுக்கப்படும்' என்ற வாக்கியத்தை மீறவே முடியாது, ஏனென்றால் அதில் மீறுவதற்கு எதுவும் இல்லை. அதற்குப் பதில் இப்படி எழுதிக் கொடுங்கள்:

'சாம்பல் குழாயில் 500 மீட்டருக்கு ஒரு அழுத்தமானி வேண்டும். அழுத்தம் விழுந்தால் பம்ப் தானாக நிற்க வேண்டும். கசிந்தால் 24 மணி நேரத்துக்குள் வாரியத்துக்கும் ஊராட்சிக்கும் எழுத்தில் தகவல் தர வேண்டும். ஆற்றில் படிந்த சாம்பலை 15 நாளில் அள்ள வேண்டும். அள்ளி முடியும் வரை பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு அன்றாட இழப்பீடு. செலவு முழுவதும் நிறுவனம் முன்கூட்டியே தரும் வங்கி உத்தரவாதத்திலிருந்து.'

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதற்கு, பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு துணை நிற்கும். பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-வது பிரிவும் அதையே சொல்கிறது. திட்டமே வேண்டாம் என்பது உங்கள் நிலை என்றால் அதை முதல் வரியில் எழுதி, 'அனுமதி தரப்பட்டால் குறைந்தபட்சம்' என்று நிபந்தனைகளைத் தனியாக வையுங்கள். இரண்டையும் கலந்தால், சம்மதித்துவிட்டதாகப் பதிவாகும்.

கூட்ட நாள்

மனு நான்கு பக்கத்துக்குள், பத்திகளுக்கு எண்ணிட்டு, மூன்று பிரதிகள். ஒன்றில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முன்கூட்டியே விரைவு அஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்; கூட்டம் கலைந்துபோனாலும் மனு நிற்கும். பேசக் கிடைப்பது சில நிமிடம்தான். மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள், ஒவ்வொன்றிலும் அறிக்கையின் பக்க எண்ணைச் சொல்லுங்கள். ஒரே விஷயத்தைப் பத்துப் பேர் பேசாமல் காற்று, தண்ணீர், பிழைப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் எழுந்து போய்விடாதீர்கள். கூட்ட நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே தமிழில் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். உங்கள் கேள்வி 'பொதுமக்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்' என்று சுருங்கியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள்.

பிறகு

அனுமதி ஆணை வந்தால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை. அதற்கு மேல் ஒரு நாள்கூட இல்லை. அதனால் சுற்றுச்சூழல் அனுமதி விவரங்கள் வெளியாகும் பரிவேஷ் இணையதளத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். ஆலை வந்துவிட்டால் ஜூன் 1, டிசம்பர் 1 என்று ஆண்டுக்கு இருமுறை நிறுவனம் நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும். அது பொது ஆவணம். நீங்கள் எழுதிக் கொடுத்து ஏற்கப்பட்ட ஒவ்வொரு நிபந்தனைக்கும் எதிரே அந்த அறிக்கை என்ன எண் சொல்கிறது என்று குறித்து வாருங்கள். எண் இல்லாமல் 'பின்பற்றப்படுகிறது' என்று மட்டும் இருந்தால், ரூ.10 கட்டணத்தில் தகவல் உரிமை மனுப் போட்டு அளவீட்டுப் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள்.