பூனைக்கு என்னன்னே தெரியலைன்னு டாக்டரே சொல்லிட்டா வீட்ல நாம என்ன பண்றது

எங்க பூனை மிளகுக்கு இப்போ ஒண்ணேகால் வயசு ஆகுது. அஞ்சாவது மாசத்துல ஆரம்பிச்ச லூஸ் மோஷன், நடுநடுவுல காய்ச்சல், ரெண்டு நாள் வீடு முழுக்க பறக்கும், மூணாவது நாள் பீரோ அடியில போய் சுருண்டுக்கும். மூணு டாக்டர் மாத்தியாச்சு, ஒவ்வொரு இடத்துலயும் ஒரு ஊசி, நாலு நாள் நல்லா இருக்கும், அப்புறம் பழைய கதைதான். இன்னைக்கு வரைக்கும் இதுதான் வியாதின்னு ஒரு பேர் கிடைக்கல, ஆனா 1.9 கிலோல இருந்தவ 2.8 வந்துட்டா, அதனால நான் என்னென்ன பண்ணேன்னு எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

முதல்ல ராத்திரி ரெண்டு மணிக்கு கூகுள்ல தேடுறத நிறுத்திட்டு ஒரு நோட்டு வாங்குங்க. டாக்டர் நம்ம பூனைய பாக்குறது பத்து நிமிஷம், அந்த பத்து நிமிஷமும் அது பயத்துல கல்லு மாதிரி உக்காந்துருக்கும், மிச்ச நேரம் பூரா பாக்குறது நாமதான். "அடிக்கடி வாந்தி டாக்டர்"னு சொன்னா அவருக்கு ஒண்ணும் புரியாது. "9ஆம் தேதி, 12ஆம் தேதி, ரெண்டு தடவையும் விடிகாலைல வெறும் வயித்துல, மஞ்ச நுரை"ன்னு சொல்லி பாருங்க, நிமிந்து உக்காருவார். நோட்டுல தேதி, என்ன சாப்ட்டா, எவ்ளோ, மோஷன் எப்படி, என்ன மருந்து, அவ்ளோதான். விநோதமா ஏதாவது பண்ணா உடனே வீடியோ எடுங்க, ஏன்னா கிளினிக்ல அத பண்ணவே பண்ணாது.

வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே கிழமை, சாப்பாட்டுக்கு முன்னாடி எடை. சமையல் தராசு மேல ஒரு பிளாஸ்டிக் பேசின் வச்சு உக்கார வைங்க. 100 கிராம்தானேன்னு விடாதீங்க, ரெண்டரை கிலோ பூனைக்கு 100 கிராம் குறையுறது நமக்கு ரெண்டரை கிலோ குறையுற மாதிரி. நல்லா தூங்கும்போது ஒரு நிமிஷம் விலா ஏறி இறங்குறத எண்ணுங்க, 30க்குள்ள இருந்தா சரி, 40 தாண்டுனா போன் பண்ணுங்க, வாய திறந்து மூச்சு வாங்குனா போன்லாம் வேணாம், கிளம்பிடுங்க. உதட்ட தூக்கி ஈறு பாருங்க: ரோஸா இருக்கணும், வெளுத்திருந்தா ரத்தம் கம்மி, மஞ்சளா இருந்தா காமாலை. காத தொட்டு காய்ச்சல் பாக்குறதெல்லாம் ஏமாத்து வேலை. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒண்ணு பூனைக்குன்னு தனியா (திரும்ப சொல்றேன், தனியா) வாங்கி, நுனில வாஸ்லின் தடவி ஆசனவாய்ல லேசா வச்சு பாக்கணும். 100.5ல இருந்து 102.5 வரைக்கும் அதுக்கு நார்மல், நம்ம கணக்க போட்டு பயப்படாதீங்க.

நான் பண்ண பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. போட்ட ஊசி என்னன்னு கேக்கவே இல்ல. மூணாவது டாக்டர் "இதுக்கு முன்னாடி ஸ்டீராய்டு குடுத்தாங்களா"ன்னு கேட்டப்ப திருதிருன்னு முழிச்சேன். ஸ்டீராய்டு போட்டா நாலு நாள் பசி வரும், காய்ச்சல் இறங்கும், நாமளும் சந்தோஷப்படுவோம், ஆனா உள்ள என்ன ஓடுதுன்றத அது மூடி வச்சிரும், குடல்ல இருந்து சதை எடுத்து டெஸ்ட் பண்ணா கூட ரிசல்ட் குழம்பும். அதனால ஒவ்வொரு ஊசி பேரும் டோஸும் சீட்டுல எழுதி குடுங்கன்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க.

டெஸ்ட் விஷயத்துல ஒரு தடவை மோஷன் டெஸ்ட் பண்ணி ஒண்ணும் இல்லைன்னு வந்தா நம்பி விட்றாதீங்க. ஜியார்டியான்ற கிருமி தினமும் வெளிய வராது, மூணு நாள் சாம்பிள் குடுத்தாதான் ஓரளவுக்கு மாட்டும். டிரைட்ரைக்கோமோனாஸ்னு இன்னொண்ணு, சின்ன வயசு பூனைக்கு மாசக்கணக்கா நாத்தமடிக்கிற மோஷன் போக வைக்கும், சாதா டெஸ்ட்ல பெரும்பாலும் தப்பிச்சிரும், கிருமியோட மரபணுவ தேடுற பி.சி.ஆர் டெஸ்ட் பண்ணணும். சாம்பிள் எடுக்க நான் ராத்திரி மிளக மண் ட்ரேயோட பாத்ரூம்ல வச்சு கதவ சாத்திடுவேன், விடியக்காலைல ஸ்பூன்ல எடுத்து மெடிக்கல்ல கிடைக்கிற மூடி போட்ட டப்பால போட்டு ஃப்ரிட்ஜ்ல, ஆமா ஃப்ரிட்ஜ்லதான், எங்க அம்மா ரெண்டு நாள் என்கூட பேசல.

ஆன்டிபயாடிக் குடுத்தும் அடங்காத காய்ச்சல், எடை குறையுது, வயசு ரெண்டுக்குள்ளன்னா எஃப்.ஐ.பின்ற வியாதி பத்தி நீங்களே வாய திறந்து கேளுங்க. சாதாரண பூனை கொரோனா வைரஸ் உடம்புக்குள்ளயே மாறி வர்றது இது, வயித்துல நீர் கட்டலாம், கட்டாமலும் கண்ணு, நரம்புன்னு போகலாம். ரத்த ரிப்போர்ட்ல ஆல்புமின், குளோபுலின்னு ரெண்டு புரதம் இருக்கும், ஆல்புமின குளோபுலினால வகுத்து பாருங்க, 0.4க்கு கீழன்னா சந்தேகம் பலமாகும், 0.8க்கு மேலன்னா பெரும்பாலும் இது இல்ல. ஒரு காலத்துல இது வந்தா கதை முடிஞ்சதுன்னுதான் சொல்லுவாங்க. 2019ல கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழகத்துல நீல்ஸ் பெடர்சன் குழு ஜி.எஸ்-441524ன்ற மருந்த 31 பூனைக்கு குடுத்து பாத்ததுல 25 பிழைச்சு நின்னுச்சு, வழக்கமான கோர்ஸ் 84 நாள். மிளகுக்கு அந்த கணக்கு 0.9 வந்துச்சு, அன்னைக்குதான் நிம்மதியா தூங்குனேன்.

இது போக எதிர்ப்பு சக்திய குறைக்கிற எஃப்.ஐ.வி, லுகேமியா வைரஸ் ரெண்டுக்கும் கிளினிக்லயே கிட் டெஸ்ட் உண்டு. தெள்ளுப்பூச்சி இருந்து ஈறும் வெளுத்திருந்தா ரத்தத்துல வர்ற மைக்கோபிளாஸ்மான்ற கிருமிய தேட சொல்லுங்க. சாப்ட்டவுடனே எச்சி ஒழுகி மந்தமாகுது, வளர்த்தியும் இல்லைன்னா ஈரல் ரத்தக்குழாய் கோளாறா இருக்கலாம், அதுக்கு பைல் ஆசிட் (பித்த அமிலம்) ரத்த டெஸ்ட். எந்த டெஸ்ட் சொன்னாலும் ஒரு கேள்வி கேளுங்க: "ரிசல்ட் எப்படி வந்தாலும் ட்ரீட்மெண்ட் மாறுமா டாக்டர்?" மாறாதுன்னா அந்த காச சாப்பாட்டுக்கு வச்சுக்கலாம். காசு இடிக்குதுன்னா சென்னைல வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, 1903ல ஆரம்பிச்ச காலேஜ், தனியார விட செலவு கம்மி, கூட்டம் இருக்கும், காலைலயே போயிடுங்க, நோட்டயும் பழைய ரிப்போர்ட்டயும் மறக்காதீங்க.

சாப்பாடுதான் தினசரி யுத்தம். பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கிடந்தா கொழுப்பு ஈரல்ல போய் சேந்து அதுவே தனி வியாதி ஆயிரும், அதனால ஒரு நாள் முழுக்க ஒண்ணும் தொடலைன்னாலே டாக்டருக்கு சொல்லுங்க. உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாம வேக வச்ச சிக்கன வெதுவெதுப்பா வைங்க, வாசனை வந்தாதான் திரும்பி பாக்கும். பால் வேணாம், மோஷன் இன்னும் இளகும். டாக்ஸிசைக்ளின்ற ஆன்டிபயாடிக் மாத்திரை குடுத்தா பின்னாடியே அஞ்சு எம்.எல் தண்ணி சிரிஞ்சுல கன்னத்து ஓரமா விடணும், இல்லைன்னா மாத்திரை தொண்டைக்கு கீழ ஒட்டி புண்ணாக்கிரும். காய்ச்சல்னு டோலோ, குரோசின் கால் மாத்திரை கூட குடுக்காதீங்க, பாராசிட்டமால் பூனைய கொன்னுரும். நாய்க்கு போடுற உண்ணி மருந்தும் அப்படித்தான், பெர்மெத்ரின் இருந்தா விஷம்.

கடைசியா கூடை. ஆஸ்பத்திரி போற அன்னைக்கு மட்டும் வெளிய எடுத்தா அத பாத்ததுமே ஓடி ஒளிஞ்சிரும். ஹால்ல எப்பவும் திறந்தே வச்சு உள்ள உங்க பழைய நைட்டியோ லுங்கியோ போட்டு வைங்க. மிளகு இப்போ அதுக்குள்ளதான் தூங்குறா. தராசு சத்தம் கேட்டாதான் பீரோ அடிக்கு ஓடுறா.